கடைசியாகச் சாப்பிடுபவர் யார்?

என் பழைய மாணவ மாணவியருக்கும் சொந்தபந்தங்களுக்கும் எழுதுவது இது. பதிவு கொஞ்சம் நீளம். தீபாவளி வேலைகளுக்கு நடுவே பத்து நிமிடம் ஒதுக்கிப் படித்துவிடுங்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து படித்தால் இன்னும் நல்லது.

போன ஆடி மாதம் ஒரு பழைய மாணவன் மனைவியோடு வீட்டுக்கு வந்திருந்தான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். பெயர் வேண்டாம். இந்தப் பதிவை எழுத அவனிடமும் அந்தப் பெண்ணிடமும் கேட்டுக்கொண்டேன். ஒரு கடையில் வேலை, மாதம் 22,000 சம்பளம், ஒரு பெண் குழந்தை, வாடகை வீடு.

"சார், இருபதாம் தேதிக்கு மேல ஓடவே மாட்டேங்குது. என்ன செய்யன்னே தெரியல" என்றான்.

பேசிக்கொண்டே போனை எடுத்துக் காட்டினான். பணத்தை எப்படிக் கையாள்வது, வாழ்க்கையில் எப்படி முன்னேறுவது என்று சொல்லிக்கொடுக்கும் வகுப்பாம். 18,000 ரூபாய் கட்டிச் சேர்ந்திருக்கிறான். வட்டம் வட்டமாகக் கலர் படங்கள், அதிகாலை நாலரை மணிக்கு எழுந்திருக்கச் சொல்லி அலாரம், தினம் ஒரு பொன்மொழி. பணம் போதவில்லை என்பதற்குப் பாடம் படிக்க, ஒரு மாதச் சம்பளத்தில் முக்கால் பங்குக்கு மேல் கொடுத்திருக்கிறான்!

நான் அவனை விட்டுவிட்டு அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "நீ என்னம்மா சொல்ற? எதுல கூடப் போகுது?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். எல்லாம் அவங்கதான் பாக்காங்க."

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. அதே பதிலை என் வீட்டிலேயே பதினோரு வருடம் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். அதைத்தான் இன்று எழுதப் போகிறேன். கணக்கு சார் கணக்கில் தோற்ற கதை.

வேலைக்குச் சேர்ந்த மாதத்திலிருந்தே வரவு செலவு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. இரவு சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்து, சிவப்பு மையில் செலவு, நீல மையில் வரவு. மாதக் கடைசியில் கூட்டினால் பைசா பிசகாது. எழுதி முடித்ததும் நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன். பள்ளியில் சக ஆசிரியர்களிடம் அந்த நோட்டைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருக்கிறேன். உங்களில் சிலருக்கு வகுப்பிலேயே சொல்லியிருப்பேன், ஞாபகம் இருக்கலாம்.

அந்த நோட்டில் மாதாமாதம் ஒரே ஒரு வரி இருக்கும்: "வீட்டுச் செலவு – 900". வாடகை, அரிசி மூட்டை, கேஸ், பள்ளிக்கூடச் செலவு எல்லாம் என் பொறுப்பு. பால், காய்கறி, மளிகை, எண்ணெய், சோப்பு, ரேஷன், வருகிறவர் போகிறவருக்குக் காபி எல்லாம் அந்த 900-க்குள். முதல் தேதி என் மனைவி கையில் கொடுத்துவிட்டால் என் கடமை முடிந்தது. நடுவில் கேட்டால் மட்டும், "போன மாசம் போதுச்சே, இந்த மாசம் ஏன் போதல?" என்று கணக்குக் கேட்பேன். இரண்டு மூன்று தடவை கேட்டபிறகு அவள் கேட்பதையே நிறுத்திவிட்டாள். சிக்கனம் பழகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

1995-ல் அடிபம்புப் பக்கம் பாசி வழுக்கிக் கீழே விழுந்தாள். வலது மணிக்கட்டில் முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. பிள்ளைகளுக்கு அப்போது ஒன்பது வயது, ஆறு வயது. அக்கம்பக்கத்தில் இரண்டு நாள் குழம்பு கொடுத்தார்கள். அப்புறம் அடுப்பு என் கைக்கு வந்தது. 900 ரூபாயும் என் கைக்கே வந்தது.

பதினேழாம் தேதி பணம் தீர்ந்துவிட்டது.

நம்ப முடியாமல் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். நான் ஒன்றும் ஊதாரித்தனமாகச் செலவு செய்யவில்லை. ஆனால் காலையில் பள்ளிக்குப் போகும் அவசரத்தில் தெருமுனைக் கடையில் காய் வாங்கினேன். அவள் சந்தை நாளில் பொழுது சாயும் நேரம் போவாளாம். மூட்டை கட்டும் நேரத்தில் கூறு பாதி விலைக்குக் கிடைக்கும். நான் புளியைக் கால் கிலோ கால் கிலோவாக வாங்கினேன். அவள் மாசி பங்குனியில் புதுப்புளி வரும்போது வருடத்துக்கும் சேர்த்து வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்து வைப்பாள். அந்த வருடப் புளி தீர்ந்திருந்த சமயம் பார்த்துப் பொறுப்பு என்னிடம் வந்தது. வத்தலும் அப்படித்தான், புது வத்தல் வரத்து உள்ளபோது வாங்கிக் காயவைத்து எடுத்து வைப்பது. புளித்த மாவு எனக்குக் கீழே கொட்டும் பொருள், அவளுக்கு மறுநாள் பணியாரம். இதெல்லாம் எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. என் நோட்டிலும் இல்லை.

பணம் தீர்ந்ததைச் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "மேத்தட்டுல வெந்தய டப்பா இருக்கு, எடுங்க" என்றாள்.

வெந்தயத்துக்கு அடியில் ஒரு துணி முடிச்சு. உள்ளே 340 ரூபாய். சிறுவாட்டுப் பணம்.

"எதுக்குச் சேத்த?" என்று கேட்டேன்.

"இப்படி எதுக்காவது ஆகும்னுதான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அதைவிடப் பெரிய பாடம் அதற்கு அடுத்த வாரம். ஒரு ராத்திரி பிள்ளைகளுக்குப் போட்டு, அவளுக்குப் போட்டு, கடைசியில் நான் உட்கார்ந்தேன். சட்டியில் குழம்பு வண்டல்தான் இருந்தது. பொரியல் இல்லை. பால் சின்னவனுக்கே சரியாகப் போயிற்று. மோரை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தேன். மறுநாளும் அப்படி. மூன்றாம் நாள்தான் உறைத்தது. இத்தனை வருடமாக இந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது யார்?

மாதாமாதம் பைசா பிசகாமல் கணக்கு நேரானதாக நினைத்துக்கொண்டிருந்தேனே, அது நேரானது என் நோட்டில் இல்லை. அவள் தட்டில். விலை ஏறினால், விருந்தாளி வந்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், துண்டு விழுந்ததை எல்லாம் அவள் தன் சாப்பாட்டில் குறைத்து ஈடுகட்டியிருக்கிறாள். எழுதப்படாத செலவு எங்கும் போய்விடாது. வீட்டில் வாய் திறக்காத ஒருவர் உடம்பில் போய் ஏறிக்கொள்ளும்.

இது என் வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, டாக்டர்கள் சொல்வார்கள். ஆனால் கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிட்டு எழுகிற வழக்கத்துக்கு அதில் பங்கே இல்லை என்று யாரும் என்னிடம் சொல்ல முடியாது. வேலைக் கணக்கும் இதே லட்சணம்தான். 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் சராசரி 299 நிமிடம். அப்படி வேலை செய்கிற ஆண்களுக்கு 97 நிமிடம். வீட்டு வேலை பக்கமே போகாத ஆண்களை இந்த 97-ல் சேர்க்கவே இல்லை!

அதனால் என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்னச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு முன்னேற்றம் என்பது பணம் கட்டிச் சேரும் வகுப்பில் தொடங்குவதில்லை. வீட்டில் உள்ள கணக்கு எல்லோர் கண்ணுக்கும் தெரிவதில் தொடங்குகிறது. பூட்டி வைத்த நோட்டு சிக்கனம் ஆகாது, அது அதிகாரம். நான் செய்தது அதுதான்.

கட்டுப் பிரித்த பிறகு எங்கள் வீட்டில் நடைமுறைக்கு வந்ததைச் சொல்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்லி அனுப்பினேன்.

முதலாவது, சாதாரண நோட்டு ஒன்று போதும். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் எல்லோர் கைக்கும் எட்டுகிற இடத்தில் வையுங்கள். பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் பேனா காணாமல் போய்விடும். போனில் எழுதினாலும் தப்பில்லை. ஆனால் ஒருவர் போன் இன்னொருவருக்குப் பூட்டிய பீரோ மாதிரிதான்.

இரண்டாவது, "வீட்டுச் செலவு", "இதர செலவு" என்ற இரண்டு வார்த்தைகளுக்கும் தடை. என் நோட்டில் மாதாமாதம் "இதர – 150" என்று இருக்கும். பிரித்து எழுதியபோதுதான் தெரிந்தது, அதில் பாதிக்கு மேல் டீக்கடை வடையும் நான் பெருமைக்குக் கொடுத்துத் திரும்பி வராத கைமாற்றும். அவள் பால் குடிக்காமல் இருந்த காசு என் வடையாகியிருக்கிறது.

மூன்றாவது, முதல் மாதம் "ஏன்?" என்ற கேள்வி கூடாது. இது ரொம்ப முக்கியம். யார் எதை எழுதினாலும் எழுதட்டும். கேள்வி கேட்டால் மறுநாளிலிருந்து எழுத மாட்டார்கள், அல்லது பொய் எழுதுவார்கள். வகுப்பில் தப்பாகக் கணக்குப் போட்ட பிள்ளையை அடித்தால் அடுத்த நாள் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதும். வீட்டிலும் அதே கதைதான்.

நான்காவது, எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளையும் எழுத விடுங்கள். பென்சில், மிட்டாய், பஸ் டிக்கெட் எதுவானாலும். எங்கள் வீட்டில் பெரியவள் நோட்டைப் பார்த்துத்தான், "அப்பா, எனக்கு இந்த வருசம் பொங்கலுக்குப் பாவாடை வேண்டாம், அம்மாவுக்குச் சேலை எடுங்க" என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஐந்தாவது, மாதம் ஒருமுறை, சம்பளத்துக்கு முந்தின ராத்திரி, எல்லோரும் சேர்ந்து படியுங்கள். அரை மணி நேரம் போதும். அன்றைக்கு டிவி வேண்டாம்.

மூடிவைத்த கணக்கில் அடுத்து முளைப்பது கடன். அந்தப் பிள்ளைகள் எழுதத் தொடங்கிப் பத்தே நாளில் இரண்டு கடன் வெளியே வந்தது. வகுப்புக்குக் கட்டிய 18,000 அவன் போனில் வாங்கிய கடன், அவளுக்குத் தெரியாது. அவள் குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்காகக் குழுவில் வாரத் தவணைக்கு 30,000 வாங்கியிருந்தாள், அவனுக்குத் தெரியாது. இருவரும் ஒருவரையொருவர் கஷ்டப்படுத்தக் கூடாது என்றுதான் மறைத்திருக்கிறார்கள். அன்றைக்கு ராத்திரி பெரிய சண்டையாம். மறுநாள் காலையில் இருவரும் சேர்ந்தே எனக்குப் போன் போட்டார்கள்.

கடன் வாங்குகிறவர்களுக்கு என் பழைய பாடம் ஒன்று. தண்டல் கணக்கை எடுத்துக்கொள்வோம். 10,000 கடன் என்பார்கள். 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "1,500 தானே, நூத்துக்குப் பதினஞ்சு" என்று நினைப்போம். அப்படியில்லை. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுகிறீர்கள், ஆகவே 100 நாளும் 8,500 உங்கள் கையில் இல்லை. சராசரியாகப் பாதி, அதாவது 4,250 தான் இருக்கிறது. 4,250-க்கு நூறு நாளில் 1,500 வட்டி என்றால் நூற்றுக்கு 35. அதை ஒரு வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், 125-க்கும் மேலே போகும். "ரெண்டு வட்டி", "மூணு வட்டி" என்று சொல்வதும் மாதக் கணக்கு. வருடத்துக்கு 24, 36. நகைக் கடனோ வங்கிக் கடனோ இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

போனில் கடன் வாங்கும்போதும், ஆண்டு வட்டி எவ்வளவு, மற்ற கட்டணங்கள் எவ்வளவு என்பதை ஒரே தாளில் தெளிவாகக் காட்ட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தாளைக் கேளுங்கள். காட்டாதவனிடம் வாங்காதீர்கள். இரண்டு மூன்று கடன் இருந்தால் எல்லாத் தவணையையும் தவறாமல் கட்டிக்கொண்டு, கையில் மிஞ்சுவதை வட்டி அதிகமுள்ள கடனில் கூடுதலாகக் கட்டுங்கள். அந்தப் பிள்ளைகள் போன் கடனைத்தான் முதலில் முடித்தார்கள்.

இந்த வட்டிக் கணக்கெல்லாம் புரிய 18,000 வேண்டாம். நம் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் "வாழ்வியல் கணிதம்" என்று ஒரு பாடம் இருக்கிறது. சதவீதம், லாப நட்டம், கூட்டு வட்டி எல்லாம் அதில் உண்டு. அரசுப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். ராத்திரி பிள்ளையோடு உட்கார்ந்து போடுங்கள். பிள்ளைக்கும் பாடம், உங்களுக்கும் பாடம். அதற்கு மேல் படிக்க வேண்டும் என்றால் ஊர் நூலகம் இருக்கிறது, உறுப்பினர் சந்தா ஒரு சினிமா டிக்கெட் அளவுகூட வராது.

இனி, கொஞ்சம் பேருக்குக் கோபம் வரக்கூடிய ஒன்று. 2023 செப்டம்பர் 15-ல் தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் தொடங்கியது. அதற்கு வைத்த பெயரே உரிமைத் தொகை. ஆனால் எங்கள் தெருவிலேயே சில வீடுகளில், "ஒனக்குத்தான் ஆயிரம் வருதே" என்று வீட்டுக்குக் கொடுப்பதில் ஆயிரத்தைக் குறைத்துக்கொண்ட ஆம்பிளைகளைப் பார்க்கிறேன். அப்படியென்றால் அந்த உரிமை யாருக்கு வந்தது? அந்த ஆயிரம் அவள் பெயரில் அவள் விருப்பத்துக்கு இருக்கட்டும். வீட்டுச் செலவுக்கே தேவைப்படுகிறது என்றால் அதையும் நோட்டில் "அம்மா தந்தது – 1,000" என்று வரவில் எழுதுங்கள். தபால் அலுவலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடர் வைப்புக் கணக்கு தொடங்கலாம், ஐந்து வருடம். மாதம் 300 போட்டால் கட்டியது மட்டுமே 18,000 ஆகும், வட்டி தனி. அந்த வகுப்புக்குக் கட்டிய அதே தொகை!

இரண்டு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நோட்டு எழுதினால் சம்பளம் கூடாது. மாதம் 9,000, 10,000-த்தில் நாலு பேர் சாப்பிடுகிற வீட்டில் போய், "சிக்கனமா இருங்க, கணக்கு எழுதுங்க" என்று உபதேசம் செய்வது பாவம். அங்கே குறை கூலியில் இருக்கிறது, குடும்பத்தில் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் நோட்டு செய்யக்கூடியது ஒன்றுதான். இருக்கிற குறையை ஒருவர் தலையிலேயே ஏற்றாமல் பங்கு போட்டுக்கொள்ள வைக்கும். அதுவே பெரிய காரியம்.

இரண்டாவது, எல்லா வீட்டுக்கும் திறந்த நோட்டு பொருந்தாது. குடிக்கிற புருஷன், கைநீட்டுகிற புருஷன் இருக்கிற வீட்டில், தங்கச்சிமார்களே, உங்கள் சிறுவாட்டுப் பணத்தை அவன் கண்ணில் காட்டாதீர்கள். அது உங்கள் உயிர்ப் பணம். திறந்து வைக்க வேண்டிய கடமை முதலில் அதிகாரம் உள்ளவருக்குத்தான். ஆண் தன் "இதர செலவை" எழுதிக் காட்டிய பிறகு பெண் வெந்தய டப்பாவைப் பற்றி யோசிக்கட்டும்.

நேற்று அந்தப் பையன் போன் பண்ணினான். போன் கடன் முடிந்துவிட்டதாம். குழுக் கடன் இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. இருபதாம் தேதி இப்போது இருபத்தைந்து ஆகியிருக்கிறதாம். "முப்பது ஆகல சார்" என்றான். முப்பது ஆகாவிட்டாலும் பரவாயில்லை என்றேன். அப்புறம் அந்தப் பெண் வாங்கிப் பேசினாள். "சார், இந்தத் தீபாவளிக்கு எவ்வளவுன்னு நாங்க ரெண்டு பேரும் உக்காந்து எழுதியாச்சு. பாப்பாவுக்கு ஒரு செட்டு, எங்களுக்குப் பொங்கலுக்குப் பாத்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம்." ஆடியில் "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்று சொன்ன அதே பெண்தான். ஒரே வீட்டில் மூன்று மாதத்தில் நடந்த இந்த முன்னேற்றத்தை எந்த வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள்?

இதை எழுதி முடித்து என் வீட்டம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். உங்களில் பாதிப் பேருக்கு அத்தை, சித்தி, மற்றவர்களுக்கு சார் வீட்டம்மா. முழுவதும் கேட்டுவிட்டு, "340 சரி. ஆனா அதைத் திருப்பித் தாரேன்னு சொன்னீங்களே, அதை எழுதலயே" என்றாள். உண்மைதான். 1995 கணக்கு இன்னும் பாக்கி. இன்றைய நோட்டில் எழுதிவிட்டேன்.

உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். இன்று ராத்திரி நீங்கள் எழுந்துபோகாமல் உட்கார்ந்திருந்து, அந்தத் தட்டில் என்ன விழுகிறது என்று பாருங்கள். நாளைக்கு ஒரு நோட்டு வாங்குங்கள்.

அனைவருக்கும் தீபாவளி நல்வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்